கிடை வராத தோப்பு

டீக்கடையில் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். இப்படி இந்தப் புங்கமரத்தடிக்கு வாருங்கள் அண்ணே, உட்காருங்கள். ஆடுகள் வாய்க்கால் கரையிலேயே நிற்கட்டும். உள்ளே ஓட்டுங்கள் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லையே. முதலில் கேளுங்கள். கேட்ட பிறகு ராத்திரிக்கு ஆட்டை இங்கே மடக்கிக் கிடை போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

“அந்தச் சிங்கப்பூரான் காட்டுக்குள்ள மட்டும் ஆட்ட விட்றாதீங்க.” இப்படித்தானே சொன்னார்கள்? யார் சொன்னது, வழுக்கைத் தலை, தோளில் பச்சைத் துண்டு, அவரா? அவர்தான் பக்கிரிசாமி. அதோ, வரப்புக்கு அந்தப் பக்கம் கிடப்பது அவர் வயல். பச்சைத் துண்டு போட்டுக்கொண்டால் விவசாயி ஆகிவிடலாம் என்று நினைக்கிறவர். போடுவதெல்லாம் யூரியா. கல்யாண வீட்டில் அட்சதை தூவுகிற மாதிரி அவ்வளவு சந்தோஷமாகத் தூவுவார்.

நான் பொய் சொல்கிறவன் இல்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆடுகள் செத்தது உண்மை. என் தோப்பில் செத்ததும் உண்மை. என் தோப்பால் செத்தது என்று சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வருத்தம்.

நான் இந்த ஊர்க்காரன்தான். பத்தாவது வரைக்கும் இங்கே தமிழில் படித்தேன். பிறகு திருச்சியில் இங்கிலீஷில். அப்புறம் சிங்கப்பூர், துறைமுகத்தில் சரக்கு சோதிக்கிற வேலை. என்ன சரக்கு தெரியுமா? உரம். ரசாயன உரம். கப்பல் கப்பலாக வரும். மூட்டைக்குள் கம்பியைக் குத்தி மாதிரி எடுத்து, ஈரம் எவ்வளவு, சத்து எவ்வளவு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். ஆகவே ரசாயனத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

நாற்பதைத் தாண்டினால் மனுஷனுக்கு ஏதாவது ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொள்கிறது அண்ணே. எனக்கு வந்த கேள்வி இதுதான்: நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அத்தனை மூட்டையும் எந்த மண்ணில் போய் விழுந்திருக்கும்? அங்கே உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியாது. விட்டுவிட்டு வந்தேன். என் மனைவி வசுமதிக்கு அங்கே நல்ல வேலை. அதையும் விடச் சொன்னேன். பெண் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, அங்க என்ன பண்ணப்போறோம்?” என்று கேட்டாள். காடு வளர்க்கப்போகிறோம் என்றேன். சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள்.

உணவுக்காடு என்று பெயர். உயரத்தில் மா, பலா. அதற்குக் கீழே கொய்யா, சீத்தா, முருங்கை. அதற்கும் கீழே மிளகாய், கத்தரி. மண்ணுக்குள்ளே மஞ்சள், சேனை. மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏற மிளகு. உழவு கிடையாது, மருந்து கிடையாது. எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். நெல் விளைகிற பூமியில் இதைப் போட்டபோது ஊரே வரப்பில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பக்கிரிசாமி கேட்டார், “ஏந்தம்பி, வயல்ல காடு போடுறியே, சரி. நாளைக்கிக் காட்டுல போயி நாத்து நடுவியா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது கோபம் வராது.

உரம் என்ன போட்டேன் என்றுதானே கேட்க நினைக்கிறீர்கள்? அதற்குத்தான் வருகிறேன்.

காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இது தலைமுறை தலைமுறையாக நெல்லுக்கே உழைத்துக் களைத்த மண். ஆரம்பத்தில் கொஞ்சம் ஊட்டிவிட வேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்கு ஊட்டுகிற மாதிரி. மூன்று வருஷம் நான் ஊட்டினேன். எல்லாம் இயற்கை. பட்டுக்கோட்டையில் செக்கு வைத்திருக்கிற ஒருவரிடம் ஆமணக்குப் புண்ணாக்கு வாங்குவேன். தழைச்சத்து அதில் அவ்வளவு உண்டு. அதோடு கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் வெல்லம். வெல்லம் என் யோசனை, புத்தகத்தில் கிடையாது. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் இனிப்பைக் கண்டால் பெருகும். மூன்றையும் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டை பிடித்து, மரத்தைச் சுற்றிப் பாத்தி எடுத்து அதில் வைத்து, மேலே கடலைக்கொடியைப் பரப்பிவிடுவேன். வெயில் படாது. ஈரம் காயாது. வசுமதிதான் உருண்டை பிடிப்பாள், கையுறை போட்டுக்கொண்டு. வீடு முழுக்க வெல்லப்பாகு வாசனை. விருந்தாளி வந்தால் பலகாரம் செய்கிறோம் என்று நினைப்பார்கள்.

மரமெல்லாம் எப்படி வந்தது தெரியுமா அப்போது! இப்போது பார்த்து முடிவு பண்ணாதீர்கள். அந்தப் பலா இலையெல்லாம் கறுப்புப் பச்சையில் இருந்தது, எண்ணெய் தடவின மாதிரி.

அப்போதுதான் சாத்தையா வந்தார்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் கோவில்பட்டிப் பக்கம், அவர் ராமநாதபுரம் பக்கம். உளுந்து எடுத்த பிறகு வருஷா வருஷம் இந்த ஊருக்குக் கிடை கொண்டுவருகிற கீதாரி. அறுபது வயது இருக்கும். அவர் சம்சாரம் இருளாயி கூடவே வருவார். ஆடு முழுக்க அவர்களுடையது இல்லை. பாதி அவர்களுடையது, மீதி அவர் கொழுந்தியாளுடையது. புருஷன் இல்லாத பெண், அந்த ஆட்டை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான்தான் போய்க் கூப்பிட்டேன். மறைக்க மாட்டேன். பக்கிரிசாமி வயலில் கிடை கிடந்தது. விடிந்ததும் அந்தப் புழுக்கை வாசனை இங்கே வரைக்கும் வரும். எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு நல்ல உரம், யூரியா போடுகிறவர் வயலில் போய் விழுகிறதே! மண்ணுக்கே அது அவமானம் இல்லையா? போய்ச் சொன்னேன். சாத்தையா வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்தார். நடுவில் காலியாக விட்டிருந்த இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். உங்களைப் போலத்தான், நிறையப் பேசாத மனுஷன். அப்புறம் கேட்டார்.

“ஆடு வாய் வைக்கக் கூடாதது எதும் கெடக்கா தம்பி?”

நல்ல கேள்வி. கீதாரி கேட்க வேண்டிய கேள்வி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், “அண்ணே, இந்த நாலு ஏக்கர்லயும் நீங்களும் நானும் வாய் வைக்கக் கூடாததுன்னு ஒண்ணுமே கிடையாது. ஊர் முழுக்க விஷம். இது ஒண்ணுதான் சுத்தமான இடம்.”

உண்மையைத்தான் சொன்னேன். என் மனசில் இருந்ததைத்தான் சொன்னேன்.

சாயங்காலம் ஆடு வந்தது. சாத்தையா வலையை எடுத்து, முளை அடித்துக் கட்ட ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன். “கிடைன்னா வலைக்குள்ளதான் தம்பி. இன்னிக்கி இந்த எடம், நாளைக்கி அடுத்த எடம்” என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. காட்டில் மிருகத்தை யார் வலை கட்டி அடைக்கிறார்கள்? சுதந்திரமாக நடந்தால்தானே புழுக்கை எல்லா மரத்தடியிலும் விழும்? அதுதான் இயற்கை. அதுதான் இந்த முறையின் உயிர். சொன்னேன். பொறுமையாக, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

“வலை இல்லாம எங்களுக்குப் பழக்கம் இல்ல தம்பி.”

“பழக்கத்தை மாத்திக்கிறதுதாண்ணே வளர்ச்சி.”

இருளாயி அந்தப் பக்கம் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்துக் குட்டிகளை அடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார், “நெலத்துக்காரவுக சொல்றாகள்ல. சுருட்டி வைங்க, நமக்குக் கட்டுற வேலை மிச்சம்.” சாத்தையா வலையைச் சுருட்டினார். மரமெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது, ஆட்டுக்கு எட்டாது. மிளகாய், கத்தரி எல்லாம் காய்த்து ஓய்ந்த செடிதான். ஆகவே எனக்கும் கவலை இல்லை. அன்றைக்குப் பொழுது சாயும்போது நானும் வசுமதியும் வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம். தோப்பு முழுக்கச் செம்மறி, கோயில் பிராகாரத்தில் ஜனங்கள் நடக்கிற மாதிரி நிதானமாக. கடலைக்கொடியை முட்டி முட்டி மேய்ந்தன. கடலைக்கொடி என்றால் அவைகளுக்கு உயிர், உங்களுக்குத் தெரியாததா? “அழகா இருக்கு” என்றாள் வசுமதி. என் முறையைப் பற்றி அவள் நல்லதாகச் சொன்னது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அல்லது ஆடுகளைச் சொன்னாளோ என்னவோ.

உங்கள் நாய் ஏன் அப்படிக் குரைக்கிறது? ஒன்றுமில்லை, ஓணான். இருங்கள், முடித்துவிடுகிறேன்.

மறுநாள் காலையில் வழக்கம் போல மேய்ச்சலுக்குப் போனார்கள். எங்கே போனார்கள் என்பதைக் கவனியுங்கள். பக்கிரிசாமி வயல் வரப்பு வழியாகத்தான். அவர் வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கிறவர். அடித்து ரொம்ப நாள் ஆகிறது என்று பிறகு சொன்னார். சொல்லத்தானே செய்வார்? மத்தியானம் திரும்பி வரும்போது ஏழெட்டு ஆடு பின்தங்கி வந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, வயிற்றை ஒடுக்கிக்கொண்டு நின்றன. அப்புறம் கழிச்சல். அப்புறம் கழிச்சலில் ரத்தம்.

நான் சும்மா நிற்கவில்லை. அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சகவ்யம் ஒரு டிரம் நிறைய வைத்திருந்தேன். கரைத்து எடுத்துக்கொண்டு போய், சாத்தையாவை ஆட்டின் வாயைப் பிளக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் என் கையால் ஊற்றினேன். என் கையால். எந்த நிலத்துக்காரன் செய்வான்? பக்கிரிசாமி வரப்பிலிருந்து கத்தினார், “யோவ் தம்பி, நிறுத்துய்யா! டாக்டரக் கூட்டிட்டு வர்றேன்!” என்று. சத்தம் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போனார். பக்கத்து வீட்டுக்காரனுக்கு உதவி செய்கிறேன் என்று நாலு பேர் பார்க்க வேண்டும் அவருக்கு.

டாக்டரம்மா வந்தபோது அந்த ஏழெட்டும் செத்திருந்தன. மற்றவை ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. சின்ன வயசுப் பெண். சுற்று வட்டாரத்துக்கே ஒரே கால்நடை டாக்டர். வந்ததும் செத்த ஆடு ஒன்றை வாழைமட்டையின் மேல் போட்டுக் கிழித்தார். உள்ளே பார்த்தார். கையில் எதையோ வழித்து முகர்ந்தார். எழுந்து போய் மரத்தடியில் கடலைக்கொடியை விலக்கினார். பாத்தியில் உருண்டை இல்லை. அடுத்த மரம், அங்கேயும் இல்லை. வேலியோரத்தில் ஒரு மரத்தடியில் பாதி கடித்தது ஒன்று கிடைத்தது.

“இது என்ன சார்?”

“இயற்கை உரம்.”

“எதுல பண்ணீங்க?”

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆமணக்குப் புண்ணாக்கு ஆடு மாடு திங்கக் கூடாது சார். அதுல இருக்கிறது விஷம். முறி மருந்தே கிடையாது. சரி, அதுல வெல்லம் எதுக்கு சார்?”

“நுண்ணுயிருக்கு.”

“ஆட்டுக்குன்னு நினைச்சுப் பண்ணியிருந்தாக்கூட இதவிட ருசியாப் பண்ணியிருக்க முடியாது.”

பாருங்கள், ஒரு டாக்டர் பேசுகிற பேச்சா இது? “சாக்குலயே அச்சடிச்சிருப்பாங்களே, தீவனம் இல்லைன்னு” என்று வேறு கேட்டார். அச்சடித்திருந்தது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் தீவனமாகப் போடவில்லையே அண்ணே? உரமாகத்தானே போட்டேன்? அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சிங்கப்பூரில் என் மேலதிகாரிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர்கள் படிக்கிற புத்தகமெல்லாம் யார் எழுதுகிறது? ரசாயனக் கம்பெனிக்காரன் எழுதுகிறது. விதையிலிருந்து எண்ணெய் எடுத்த சக்கை விஷமாம், பக்கிரிசாமி அடிக்கிற களைக்கொல்லி ஒன்றும் செய்யாதாம். நான் இதை அங்கேயே, எல்லோர் முன்னாலும், பக்கிரிசாமி முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாத்தையா பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். பதில் இருந்தால்தானே பேசுவார்?

செத்துக்கொண்டே இருந்தன. மறுநாளும். அதற்கு அடுத்த நாளும். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், புளியமரக் கிளையில் பாட்டிலைத் தொங்கவிட்டு. ஒரு பக்கம் ஏற்ற ஏற்ற இன்னொரு பக்கம் தலை சாய்ந்தது. பெரிய ஆடு கைவிரலில் எண்ணுகிற அளவுக்குத்தான் பிழைத்தது. குட்டிகள் கூடைக்குள் இருந்ததால் அவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாகப் போயிற்று. பாலுக்குக் கத்தின. செத்த தாயின் மடியில் போய் முட்டின. இருளாயி ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துக் கூடைக்குள் போட்டார். போட்டால் உள்ளேயிருந்து கத்தின. கத்தல் தாங்க முடியவில்லை. நான் நாலு தேங்காய் துருவிப் பால் எடுத்து, மருந்தில்லாத தேங்காய், சங்கில் ஊற்றிக்கொண்டு போனேன். இருளாயி வாங்கி ஓரமாக வைத்தார். கொடுக்கவில்லை. பிறகு ஊர்ப் பெண்கள் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து பால் கொடுக்க விட்டார்கள். மேலத்தெரு, கீழத்தெரு எல்லோரும். வசுமதியும் அவர்களோடு உட்கார்ந்து குட்டிகளைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூன்று நாளும் அவள் என்னோடு பேசவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. வேலை அப்படி.

எல்லாவற்றையும் புதைக்க வேண்டும். கறிக்குப் போடக் கூடாது, ஊர்ப் பொதுவில் போடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பக்கிரிசாமி பொக்லைன் கொண்டுவருகிறேன் என்றார். நான் விடவில்லை. மூன்று வருஷமாகச் சக்கரம் ஏறாத மண் அண்ணே அது. ஒரு தடவை பொக்லைன் ஏறினால் மண் இறுகிப்போய்ப் பத்து வருஷம் மூச்சு விடாது. கையாலேயே தோண்டலாம் என்றேன். நானும் தோண்டினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சாத்தையாவும் தோண்டினார். பலாவுக்கும் மாவுக்கும் நடுவே, மரத்துக்கு மரம் பங்கு வைத்து, ஆழமாக. எனக்கு ஒரு எண்ணம். இப்படி வீணாகப் போகக் கூடாது என்று. எலும்பில் மணிச்சத்து இருக்கிறது, ரோமத்தில் தழைச்சத்து இருக்கிறது. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகிறது. மரமாக எழுந்து வரும். சாவு என்று ஒன்று கிடையாது, காட்டில் எல்லாமே உருமாற்றம்தான். இதை நான் சாத்தையாவுக்கு ஆறுதலாகச் சொன்னேன். மனசாரச் சொன்னேன். “இந்தப் பலா முதல் முதல்ல காய்க்கிறப்போ, முதப் பழம் உங்களுக்குத்தாண்ணே. நானே கொண்டுவந்து தருவேன்.”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். இருளாயிதான் திரும்பினார். மடியில் ஒரு குட்டி.

“அந்தப் பழத்துல பால் சொரக்குமா சார்?”

அதுவரைக்கும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

துக்கத்தில் பேசுகிறார்கள், நாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் வைத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி நஷ்டத்தைக் கொடு என்றார்கள். கொடுத்தேன். அபராதமாக இல்லை, உதவியாக. அதைத் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். பிழைத்த நாலைந்தையும் குட்டிகளையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடந்தே வந்த மனுஷர்கள், வண்டியில் போனார்கள். சாத்தையா ஊரில் இப்போது செங்கல் சூளையில் இருப்பதாகக் கேள்வி. எனக்குச் சரியாகத் தெரியாது.

வசுமதி ஒன்றே ஒன்று கேட்டாள். “போயி மன்னிப்பு கேளுங்க. அந்தம்மா கால்ல விழுந்தாக்கூடத் தப்பில்ல.”

எனக்கு யாரிடமும் பகை இல்லை அண்ணே. கால் பிடிப்பதில் வெட்கமும் இல்லை. ஆனால் எதற்காக என்று சொல்லி விழுவது? விஷம் வைத்தேன் என்றா? நான் வைத்தது உரம். மண்ணிலிருந்து வந்த பொருள். இதை விஷம் என்று ஒரு தடவை என் வாயால் சொல்லிவிட்டால், அப்புறம் கப்பல் மூட்டைக்கும் என் உருண்டைக்கும் என்ன வித்தியாசம்? எதற்காக வேலையை விட்டேன்? எதற்காக அவளை விடச் சொன்னேன்? எதற்காக என் பெண்ணின் படிப்பைக் குலைத்துக்கொண்டு வந்தேன்? யோசித்துப் பார்த்தேன். ரொம்ப நாள், இதே மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். முடியவில்லை. அவளிடம் சொன்னேன், நான் பொய் சொல்கிறவன் இல்லை என்று. அவள் பெட்டியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அம்மாவும் பெண்ணும் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பெண் எப்போதாவது போன் பண்ணுவாள். மரமெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நன்றாக இருக்கிறது என்பேன்.

ஆமாம், அது மட்டும் பொய்தான்.

நீங்களே பார்க்கிறீர்களே. மா எல்லாம் வெளுத்துவிட்டது. கொய்யா காய்த்ததும் உதிர்கிறது. புதைத்த இடத்துப் பலா ஒரு வருஷம் கறுகறுவென்று வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. மண்ணுக்குச் சாணி வேண்டும், புழுக்கை வேண்டும். ஊரில் எனக்கு ஒரு கூடை சாணி தர ஆள் இல்லை. வெளியூரில் வாங்கலாம், ஆனால் அது பண்ணை மாடு, ஊசி போட்ட மாடு, அந்தச் சாணியை நான் உள்ளே விட மாட்டேன். வெட்டவெளியில் மேய்கிற ஆடுதான் எனக்கு வேண்டும். ஆனால் சாத்தையாவுக்குப் பிறகு எந்தக் கீதாரியும் இந்த ஊரில் கிடை போடவில்லை. என் தோப்பில் மட்டும் இல்லை, ஊரிலேயே. வாய்க்காலுக்கு அந்தக் கரையோடு அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். உங்கள் ஆட்கள் எங்கேயோ கூடும்போது பேசிவைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. ஊரில் எல்லோரும் இப்போது யூரியாவை முன்பைவிட அதிகமாகப் போடுகிறார்கள். கேட்டால் கிடைதான் வருவதில்லையே என்கிறார்கள். இந்த ஊர் திருந்தாது அண்ணே, நான் அப்போதே சொன்னேன்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புது ஆள். அதனால்தான் இந்தக் கரையில் வந்திருக்கிறீர்கள். கரையில் ஆட்டுக்கூட்டத்தைப் பார்த்ததும் நான் எப்படி ஓடிவந்தேன் பார்த்தீர்களா? செருப்புகூடப் போடவில்லை. மூன்று ராத்திரி போதும். வலை கட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதில் நான் இறங்கி வருகிறேன். கூலி நெல்லாக வேண்டுமா, பணமாக வேண்டுமா, நீங்கள் சொல்லுங்கள். சாப்பாடு என் பொறுப்பு. மூன்று ராத்திரி இங்கே நல்லபடியாகக் கிடை கிடந்தது என்று நீங்கள் நாலு இடத்தில் சொன்னால் போதும், மற்றவர்களும் வருவார்கள். இந்தக் காடு பிழைத்துவிடும்.

என்ன கேட்டீர்கள்?

இப்போதும் அதைப் போடுகிறேனா என்றா?

அண்ணே, நான் வேறு பதில் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பிவிட்டு வலையை இறக்கிவிடுவீர்கள். ஆனால் நான் பொய் சொல்கிறவன் இல்லை. போடுகிறேன். போன வாரம்கூடப் போட்டேன். வேறு எதைப் போடுவது? ஆனால் இந்தத் தடவை ஆழமாக வைத்திருக்கிறேன், ஒரு முழம் ஆழம். வெல்லம்கூடக் குறைத்துவிட்டேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இருங்கள். ஒரு முழம் என்றேனே? ஆடு ஒரு முழம் தோண்டுமா? அண்ணே! கம்பை எடுக்காதீர்கள், இருங்கள். சரி, நடு இடத்தில் மட்டும் போடுங்கள். அங்கே மரமே கிடையாது. சரி, ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி.

சரி, கிடை வேண்டாம். விடுங்கள். நான் கேட்கவில்லை. தண்ணீராவது காட்டிவிட்டுப் போங்கள். வாய்க்கால் வறண்டு கிடக்கிறது, அடுத்த ஊர் ஏரி வரைக்கும் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. இந்த வெயிலில் அவைகள் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். என் தொட்டி நிறைய இருக்கிறது, இப்போதுதான் மோட்டார் போட்டேன். அதோ, அந்த இரண்டு ஆடு வாசனை கண்டு இந்தப் பக்கம் வருகிறது பாருங்கள். வரட்டும், விரட்டாதீர்கள். ஏன் அடிக்கிறீர்கள் அதை? தண்ணீருக்குத்தானே வருகிறது? தண்ணீரில் என்ன இருக்கிறது? போர் தண்ணீர் அண்ணே. வெறும் தண்ணீர்.

நம்பிக்கை இல்லையா? இங்கே பாருங்கள். நானே குடிக்கிறேன். கையில் அள்ளிக் குடித்தால் ஏமாற்றுகிறேன் என்பீர்கள். இதோ, மண்டி போட்டுக்கொண்டு, தொட்டியில் வாயை வைத்து, ஆடு குடிக்கிற மாதிரியே குடிக்கிறேன். பார்க்கிறீர்களா? இன்னும் குடிக்கிறேன். அண்ணே, கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். குடிக்கிறேன் அண்ணே, பாருங்கள்.